விவாகரத்து ஆனால் சொத்தில் பாதி கிடைக்குமா?

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு, "கணவன் சொத்தில் மனைவிக்குப் பாதி" என்ற தலைப்போடு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அமெரிக்கப் பணக்காரர்களின் விவாகரத்துச் செய்திகளையும் நாம் வாரம் ஒன்றாகப் படிக்கிறோம். இரண்டும் சேர்ந்து, இங்கேயும் டைவர்ஸ் என்றால் பாதிக்குப் பாதி என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. மனைவி தரப்பில் சிலர் வராத பாதியை நம்பி வழக்குக்குப் போகிறார்கள். கணவன் தரப்பில் சிலர் அந்தப் பாதிக்குப் பயந்து அவசர அவசரமாக அம்மா பேரில் செட்டில்மென்ட் எழுதிவைக்கிறார்கள்.

திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்தை மணமுறிவின்போது இருவருக்கும் பிரித்துக்கொடுக்கச் சொல்லும் பொதுச் சட்டம் இந்தியாவில் கிடையாது. கோவா முக்கிய விதிவிலக்கு; அங்கே போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின் தொடர்ச்சியாகத் தம்பதியின் சொத்து பொதுவில் இருக்கிறது. மற்ற இடங்களில் சொத்து யார் பேரில் இருக்கிறதோ அவருடையது. இப்படி ஒரு சட்டம் இல்லாமல் போனதன் பாரம் முழுவதும் ஜீவனாம்சத்தின் தலையில் விழுகிறது. அங்கே தீராத சண்டை குழந்தை மேல் திரும்புகிறது. அதனால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

## ஒரு குடும்பம், நாலு வழக்கு எண்

விவாகரத்து என்பது ஒரே வழக்கு, அதிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. நடைமுறையில் ஒரே தம்பதிக்கு இவை தனித்தனியாக ஓடும்:

1. மணமுறிவு மனு. இந்துக்களுக்கு 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ். நீதிமன்ற வளாகத்தில் "எச்.எம்.ஓ.பி." என்பார்கள்.
2. ஜீவனாம்ச மனு, அதாவது "எம்.சி.". பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. எண் மாறியதே தவிர சாரம் மாறவில்லை.
3. குழந்தை யாரிடம் இருப்பது என்ற மனு. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புப் பிள்ளைகள் சட்டத்தின் கீழ்.
4. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இன் கீழ் ஒரு மனு. குடியிருக்கும் உரிமை, பாதுகாப்பு ஆணை, பண நிவாரணம் ஆகியவற்றுக்கு.

நகையைத் திரும்பக் கேட்பதும், கூட்டாக வாங்கிய மனையைப் பாகம் கேட்பதும் இவற்றுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, நிரூபிக்க வேண்டியது வேறு. ஒன்றில் ஜெயித்தால் மற்றதிலும் ஜெயித்ததாக ஆகாது. கணவரின் கொடுமையை நிரூபித்து விவாகரத்து வாங்கிய பெண்ணுக்கு அந்தக் காரணத்துக்காகவே வீடு கிடைத்துவிடாது. மணவாழ்வில் தவறு செய்தவர் என்று தீர்ப்பான ஒருவர் குழந்தையைப் பார்க்கும் உரிமையை அதனாலேயே இழப்பதும் இல்லை.

எந்தச் சட்டம் என்பது மதத்தைப் பொறுத்தது. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம். முஸ்லிம் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும், மனைவியே கேட்டுப் பெறும் மணமுறிவான குலா முறையும் உண்டு. ஆனால் ஜமாத்தோ ஷரியத் கவுன்சிலோ கொடுக்கும் குலா சான்றிதழ் போதாது, குடும்பநல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. வேறு மதத்தவரை மணந்து பதிவு செய்தவர்களுக்கு 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணங்கள் இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின் கீழ் செல்லும் என்பதால் அவற்றை முறிக்கவும் அதே சட்டம்தான்.

## மணமுறிவு: மியூச்சுவலா, போட்டி வழக்கா

பரஸ்பர சம்மதம், பேச்சு வழக்கில் மியூச்சுவல், 13பி பிரிவு. ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இரண்டாவது முறை வந்து "ஆமாம், இன்னும் அதே முடிவுதான்" என்று சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஏற்கெனவே நெடுங்காலம் பிரிந்திருப்பவர்கள், சமரசம் தோற்றவர்கள், பணமும் பிள்ளையும் பற்றிப் பேசி முடித்தவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

கிறிஸ்தவர்களுக்குச் சட்டப் புத்தகத்தில் இந்தப் பிரிவுக் காலம் இரண்டு ஆண்டு என்றே இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010இல் அதை ஓராண்டாகப் படிக்க வேண்டும் என்றது. மதத்துக்கு ஒரு காலக்கெடு என்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது முறை வருவதற்குள் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்; 1991 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை அது. ஆகவே முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டு இரண்டாம் நாளுக்குக் காத்திருப்பது ஆபத்து. பணம் வாங்காமலே எல்லா வழக்கையும் வாபஸ் வாங்குவதும் அதே அளவு ஆபத்து. அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் தொகையைத் தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை இரண்டாவது முறை வரும் நாளில் நீதிமன்றத்திலேயே டிடியாகக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஒருவர் சம்மதிக்காவிட்டால் போட்டி வழக்கு. 13ஆவது பிரிவு சொல்லும் காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும்: கொடுமை (உடல், மனம் இரண்டும்), பிறர்மனை உறவு, தொடர்ந்து இரண்டு ஆண்டு கைவிட்டது, மதம் மாறியது, தீராத மனநோய், ஏழு ஆண்டு தகவலே இல்லாமை என்று பட்டியல் போகிறது. தொழுநோயும் ஒரு காரணமாக இருந்தது, 2019இல்தான் நீக்கினார்கள். பிறர்மனை உறவு 2018 முதல் குற்றம் அல்ல, ஆனால் விவாகரத்துக்குக் காரணமாக அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில் அடிக்கடி வரும் மூன்று தவறான நம்பிக்கைகள்:

1. "ஏழு வருஷமாகப் பிரிந்திருக்கிறோம், தானாகவே விவாகரத்து ஆகிவிட்டது." ஆகவில்லை. எத்தனை ஆண்டு பிரிந்திருந்தாலும் நீதிமன்ற ஆணை வேண்டும். ஏழு ஆண்டு என்பது உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதவருக்கு. அதற்கும் மனு போட்டு ஆணை வாங்கியாக வேண்டும்.
2. "பஞ்சாயத்தில் பேசி இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக்கொண்டோம்." செல்லாது. சில சமூகங்களில் வழக்காறாக வரும் மணமுறிவைச் சட்டம் ஒதுக்கிவிடவில்லை, 29(2) பிரிவு காக்கிறது. ஆனால் அந்த வழக்காறு உண்டு என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியவர் அதைச் சொல்பவர். பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தவர் இருதார வழக்கில் மாட்டுவது இப்படித்தான்.
3. "வாழ்க்கை முறிந்துவிட்டது என்று சொன்னாலே போதும்." மீள முடியாத முறிவு என்பது இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு காரணமே அல்ல. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு சொன்னது என்னவென்றால், 142ஆவது சாசனப் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் மட்டும் இந்தக் காரணத்துக்காக மணத்தை முறிக்கலாம். செங்கல்பட்டிலோ சேலத்திலோ உள்ள குடும்பநல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

திருமணமாகி ஓராண்டுக்குள் மனு போட முடியாது, அசாதாரணக் கொடுமை இருந்தால் தவிர. மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மணமுறிவு மனு போடலாம். 2003 திருத்தம் கொடுத்த வசதி இது.

## சொத்து: பெயரில் இருப்பவருக்கே

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருவோம். இந்துத் திருமணச் சட்டத்தில் சொத்து பற்றிப் பேசும் பிரிவு ஒன்றே ஒன்று, 27ஆவது. திருமணத்தின்போதோ அதை ஒட்டியோ இருவருக்கும் பொதுவாகக் கொடுத்த பொருட்களைப் பற்றி நீதிமன்றம் ஆணையிடலாம் என்கிறது. கட்டில், பீரோ, மொய்யில் வந்த வெள்ளிக் குத்துவிளக்கு. பிற்பாடு இருபது ஆண்டு சேர்ந்து வாழ்ந்து வாங்கிய வீடு அதற்குள் வராது.

ஆரம்பத்தில் சொன்ன 2023 ஜூன் தீர்ப்பு? அது விவாகரத்து வழக்கே அல்ல, சிவில் சொத்து வழக்கு. கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்துப் பணம் அனுப்ப, மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு சொத்து வாங்கினார். எல்லாம் என் பணம் என்றார் கணவர். மனைவி நேரம் காலம் பார்க்காமல் வீட்டில் உழைத்ததால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, அந்த உழைப்பும் பங்களிப்புதான் என்று நீதிபதி ஏற்றார். நியாயமான பார்வை, முக்கியமான தீர்ப்பு. ஆனால் ஒரு நீதிபதி ஒரு வழக்கின் உண்மைகளை வைத்துச் சொன்னது அது. நாடு முழுக்க ஒவ்வொரு மணமுறிவிலும் பாதி என்று ஆக்கும் சட்டம் அல்ல. அதே தீர்ப்பே, வீட்டு உழைப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் இதுவரை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறது.

சட்டம் கொண்டுவர முயற்சி நடந்தது. 2010இல் அறிமுகமான திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா, முறிந்த மணத்தை ஒரு காரணமாக்கியதோடு கணவனின் சொத்திலிருந்து மனைவிக்குப் பங்கும் கொடுக்கப் பார்த்தது. 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமல், 2014இல் அவை கலைந்தபோது காலாவதியானது. அதற்குப் பிறகு அதே வடிவில் திரும்பி வரவில்லை.

தமிழர்களுக்கு இந்தக் கருத்து புதிது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையின் வடக்கில் வழங்கும் தேசவழமைச் சட்டம் மணவாழ்வின்போது தேடிய சொத்தைத் 'தேடியதேட்டம்' என்று சீதனத்திலிருந்தும் முதுசத்திலிருந்தும் (பரம்பரைச் சொத்து) தனி வகையாகப் பிரிக்கிறது. பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு வகையே இல்லை.

பெயரில் இருப்பவருக்கே என்ற விதி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். தாம்பரத்தில் 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட். பத்திரம் கணவர் பேரில். 45 லட்சம் வங்கிக் கடன். முன்பணத்துக்கு மனைவியின் 20 சவரன் நகையை விற்றார்கள். இருவரும் வேலைக்குப் போகிறார்கள். கணவர் சம்பளத்திலிருந்து இஎம்ஐ போகிறது. மனைவி சம்பளத்தில் மளிகை, பள்ளிக் கட்டணம், கரண்ட் பில், மாமியாரின் மருந்து. பத்தாண்டு கழித்துப் பிரிகிறார்கள்.

1. ஃபிளாட் சட்டப்படி கணவருடையது. அவர் வங்கிக் கணக்கில் 120 மாத இஎம்ஐ பளிச்சென்று தெரியும்.
2. மனைவி செலவழித்த மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சொத்து என்று காட்ட எதுவும் இல்லை. அவர் அதைக் கட்டியதால்தான் கணவரால் இஎம்ஐ கட்ட முடிந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைச் சிவில் வழக்கில் உரிமையாக மாற்றுவது நீண்ட, நிச்சயமில்லாத போராட்டம்.
3. நகை மட்டும் வேறு கதை. அது அவருடைய ஸ்ரீதனம். பிறந்த வீட்டார் போட்டது, புகுந்த வீட்டார் பரிசாகக் கொடுத்தது எல்லாம் மனைவியின் முழு உரிமைச் சொத்து என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கஷ்ட காலத்தில் கணவர் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு என்று 2024 ஏப்ரலில் மறுபடி உறுதி செய்தது.

ஆக, பத்தாண்டுச் சம்பளத்தைவிட இருபது சவரன் வலுவான ஆதாரம் ஆகிவிடுகிறது. கேட்கவே கசப்பாக இருக்கிறது, ஆனாலும் நிலைமை அதுதான். ஆகவே நகைக்கடை பில், கல்யாண ஆல்பம், அடகுச் சீட்டு, விற்ற ரசீது எல்லாம் வக்கீல் முதலில் கேட்கும் காகிதங்கள்.

இதே விதியில் இன்னும் சில விளைவுகள்:

4. கூட்டுப் பெயரில் வாங்கிய சொத்தில் இருவருக்கும் பங்கு உண்டு. மணமுறிவு அதை மாற்றாது. பேசித் தீர்ப்பதானால் ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து மற்றவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். குடும்பத்தினருக்குள் எழுதும் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் கட்டணச் சலுகை இருப்பதால், கணவன் மனைவியாக இருக்கும்போதே, ஆணை வருவதற்கு முன் அதைப் பதிவு செய்வது புத்திசாலித்தனம்.
5. கூட்டுக் கடனுக்கு வங்கி இருவரையும் பிடிக்கும். "இனி அவர்தான் கட்டுவார்" என்று தீர்ப்பில் எழுதியிருந்தாலும் வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பு அல்ல. கடனை ஒருவர் பேருக்கு மாற்ற வங்கி சம்மதிக்காத வரை, அவர் தவணை தவறினால் இவர் சிபில் மதிப்பெண்ணும் விழும்.
6. கணவரின் பூர்வீகச் சொத்தில், அவர் உயிரோடு இருக்கும்போது மனைவி பாகம் கேட்டு வழக்குப் போட முடியாது. கணவர் இறந்தால் மனைவி வாரிசு. மணமுறிவு ஆனதும் அந்த வாரிசுத் தகுதி போய்விடும். பிள்ளைகளின் உரிமை போகாது.
7. குடியிருப்பது வேறு, சொந்தம் என்பது வேறு. மாமனார் பேரில் உள்ள வீடாக இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீடு என்றால் மருமகளை அப்படியே வெளியே தள்ள முடியாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இது தங்குவதற்கான பாதுகாப்பு. அந்த வீட்டில் அவருக்குப் பங்கு கிடைத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை.

அப்புறம், அம்மா பேரில் எழுதிவைக்கும் அந்தச் செட்டில்மென்ட். சொத்தில் பாதி போய்விடும் என்ற பயத்துக்கே அடிப்படை இல்லை. ஜீவனாம்சத்திலிருந்து தப்பிக்க எழுதினாலும் அது முழுப் பாதுகாப்பு தராது. இனாமாகக் கைமாறிய சொத்தின் வருமானத்தின் மீதும் ஜீவனாம்ச உரிமையைச் செலுத்த முடியும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 39ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கு தொடங்குவதற்கு முந்தைய வாரத் தேதியில் ஒரு செட்டில்மென்ட் இருந்தால், அதை எழுதியவரின் நாணயம் பற்றி நீதிபதி என்ன நினைப்பார் என்பதையும் யோசித்துக்கொள்ளலாம்.

## ஜீவனாம்சம்: எல்லாப் பாரமும் இங்கே

சொத்து பிரியாத நாட்டில், பிரிந்துபோகிறவருக்குக் கிடைக்கக்கூடியது இது ஒன்றுதான். இரண்டு கட்டம் உண்டு: வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சம் (24ஆவது பிரிவு), முடியும்போது நிரந்தர ஜீவனாம்சம் (25ஆவது பிரிவு). இந்துத் திருமணச் சட்டத்தில் இரண்டையும் கணவனும் கேட்கலாம். "எம்.சி." மனுவுக்கான 144ஆவது பிரிவின் கீழ் அவரால் கேட்க முடியாது. விவாகரத்து ஆன முஸ்லிம் பெண்ணும் பழைய 125ஆவது பிரிவின் கீழ் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது.

எவ்வளவு? நிலையான சூத்திரம் இல்லை. கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லாரும் விதியாகவே எடுத்துக்கொண்டார்கள். அது ஒரு அளவுகோல்தான். இருவரின் வருமானம், சொத்து, பொறுப்புகள், மணவாழ்வின் நீளம், அந்த வீட்டில் வாழ்ந்த தரம், வேலையை விட்டவர் யார், குழந்தை யாரிடம் என்றெல்லாம் பார்த்துத்தான் தொகை வரும். 2024 டிசம்பரில் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடும் போட்டது: பிரிந்தபின் கணவர் பெரும் பணக்காரர் ஆகிவிட்டார் என்பதற்காக, அவர் செல்வத்துக்குச் சமமாக மனைவியின் செல்வத்தையும் உயர்த்தித் தருவது ஜீவனாம்சத்தின் வேலை அல்ல.

நடைமுறையை உண்மையில் மாற்றியது 2020 நவம்பர் 4 தீர்ப்பு. அதன்படி:

1. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும்.
2. தொகை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு. தீர்ப்பு வந்த தேதியிலிருந்து அல்ல.
3. ஒரு வழக்கில் வாங்கும் தொகையை இன்னொன்றில் மறைக்கக் கூடாது. நீதிமன்றம் அதைக் கழித்துக்கொள்ளும்.

முதல் புள்ளிதான் கத்தி. அதற்கு முன்பெல்லாம் "வேலை போய்விட்டது", "அப்பா கடையில் சும்மா உட்காருகிறேன்" என்ற வாய்ச்சொல்லே பதில். இப்போது வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, பார்ம் 16, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் எழுத்தில் வர வேண்டும், பொய் சொன்னால் சத்தியப் பிரமாணத்துக்கு எதிரான குற்றம். வேலைக்குப் போகும் மனைவி அதை மறைத்தாலும் இதே விதிதான். சம்பாதிக்கும் மனைவிக்கு ஜீவனாம்சமே இல்லை என்பது தவறு. அவர் வருமானத்தையும் கணக்கில் எடுப்பார்கள், அவ்வளவுதான். "பி.ஈ. படித்திருக்கிறாரே, வேலைக்குப் போகட்டும்" என்ற வாதமும் தனியாக நிற்காது. சம்பாதிக்கும் திறன் வேறு, உண்மையில் சம்பாதிப்பது வேறு என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

இடைக்கால மனுவை எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் "கூடுமானவரை" எவ்வளவு நீளும் என்று தெரியும். ஆணை வந்தும் கட்டாவிட்டால் சம்பளத்தைப் பற்றுகை செய்யலாம், சிறைக்கும் அனுப்பலாம். ஆனால் 144ஆவது பிரிவில் நிலுவையை வசூலிக்க ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். பாக்கி சேரட்டும், மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்து இழந்தவர்கள் உண்டு.

## குழந்தை: பெற்றோரின் வழக்கு அல்ல

முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். குழந்தை அன்றாடம் யாரோடு வசிக்கிறது என்பது ஒன்று. பள்ளி, மருத்துவம், பாஸ்போர்ட், சொத்து பற்றி முடிவெடுக்கும் காப்பாளர் யார் என்பது இரண்டு. மற்றவர் எப்போது பார்க்கலாம், பேசலாம், விடுமுறைக்கு அழைத்துப் போகலாம் என்பது மூன்று. ஒருவருக்கு முதலாவது கிடைத்தால் மற்ற இரண்டும் மற்றவரிடமிருந்து பறிபோய்விடாது.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. "பின்" என்றால் தந்தை இறந்த பின் என்றே வெகுகாலம் படித்தார்கள். தந்தை அக்கறை காட்டாத நிலையிலும் தாய்தான் காப்பாளர் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் விரித்துப் படித்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே 13ஆவது பிரிவு: குழந்தையின் நலனே முதன்மை. இந்த ஒரு வரிக்கு முன்னால் மற்ற விதிகள் எல்லாம் இரண்டாம்பட்சம்.

ஆகவே கீழ்க்கண்டவை எதுவும் சட்டம் அல்ல:

1. ஐந்து வயது முடிந்ததும் குழந்தை தானாக அப்பாவிடம் போகும்.
2. பெண் குழந்தை அம்மாவுக்கு, ஆண் குழந்தை அப்பாவுக்கு.
3. அதிகம் சம்பாதிப்பவரிடம் குழந்தை. (வருமானக் குறைவை ஈடுகட்டத்தானே மற்றவர் ஜீவனாம்சம் தருகிறார்.)
4. மறுமணம் செய்துகொண்டால் குழந்தையை இழந்துவிட வேண்டும்.

குழந்தையின் விருப்பத்தைக் கேட்பார்களா? புத்தியோடு விருப்பம் சொல்லும் வயது வந்திருந்தால் கேட்கலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எத்தனை வயது என்று எண் கொடுக்கவில்லை. பெரும்பாலும் நீதிபதி தன் அறையில், பெற்றோரையும் வக்கீல்களையும் வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவார். முந்தின இரவு சொல்லிக்கொடுத்து அனுப்பிய பதில் அங்கே எளிதில் பிடிபடும். எட்டு வயதுப் பிள்ளை "எதிர்மனுதாரர்" என்று அப்பாவைக் குறிப்பிட்டால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சட்டப் படிப்பு தேவையில்லை.

குழந்தை வழக்கு, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான். வழக்குக்காகக் குழந்தையை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவது இடத்தை மாற்றாது. பல சமயம் தூக்கிப்போனவருக்கு எதிராகவே திரும்பும். இந்தக் கட்டத்தில் காலம் செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். இடைக்காலமாக ஒருவரிடம் இருக்கும் குழந்தை அந்த வீடு, பள்ளி, நண்பர்களோடு ஒட்டிவிடுகிறது. மூன்று ஆண்டு கழித்து இறுதி விசாரணை வரும்போது, அந்த நிலையைக் கலைப்பதே குழந்தைக்குக் கேடு என்று நீதிமன்றம் நினைக்கும். அதனால் இறுதித் தீர்ப்பைவிட இடைக்கால ஆணையே பல வழக்குகளில் உண்மையான தீர்ப்பு.

பார்க்கும் உரிமை பற்றி 2020இல் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: குழந்தைக்கு இரு பெற்றோரின் அன்பும் உரிமை, ஒருவரிடம் இருந்தாலும் மற்றவரோடு தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ தினமும் பேச வழி செய்ய வேண்டும். நடைமுறையில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் அறை என்பதில் தொடங்கி, வார இறுதி, கோடை விடுமுறையில் பாதி என்று படிப்படியாக விரியும். ஆணையில் நாள், நேரம், எங்கே ஒப்படைப்பது, தீபாவளி யாரோடு, உடம்பு சரியில்லாவிட்டால் மாற்று நாள் எது என்று எழுதியிருந்தால் சண்டை குறையும். "பரஸ்பரம் வசதிப்பட்டபோது பார்க்கலாம்" என்று மொட்டையாக எழுதும் ஒப்பந்தம் ஆறு மாதத்தில் மறுபடி நீதிமன்றத்துக்கு வந்து நிற்கும்.

பணம் கட்டவில்லை என்று குழந்தையைக் காட்ட மறுப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் அன்றாடம் நடப்பவை. இரண்டும் தவறு. ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாக வைக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. தனித்தனியாக அமலாக்க மனு போட வேண்டும். அதேபோல "எனக்கும் பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம்" என்று தாய் எழுதிக்கொடுத்தாலும், அது தாயின் உரிமையை மட்டுமே கட்டுப்படுத்தும். பிள்ளையின் பராமரிப்பு உரிமையை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரம் இல்லை. காப்பு ஆணை எதுவும் நிரந்தரமும் அல்ல, நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம்.

## ஆணை கைக்கு வந்த பின்

போட்டி வழக்கில் விவாகரத்து ஆணை வந்த மறுநாளே மறுமணம் செய்ய முடியாது. மேல்முறையீட்டுக் காலம் முடியவேண்டும், அல்லது மேல்முறையீடு தள்ளுபடி ஆகவேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தில் அந்தக் காலம் 90 நாள்.

வெளிநாட்டில் வாங்கிய விவாகரத்து இங்கே தானாகச் செல்லும் என்று நினைக்க வேண்டாம். மணம் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்ததோ அந்தச் சட்டம் ஒப்பும் காரணத்துக்காக, மற்றவரும் வழக்கில் பங்கெடுத்தோ சம்மதித்தோ வந்த ஆணையாக இருக்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. எதிர்தரப்பு வராமலே முடிந்த வெளிநாட்டு ஆணைகள் பெரும்பாலும் இங்கே விழுவது இதனால்.

குழந்தைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோவது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அயலகத்திலிருந்து இங்கே கொண்டுவந்த குழந்தையைத் திருப்பி அனுப்புவதா என்பதை நம் நீதிமன்றங்கள் குழந்தையின் நலனை வைத்து வழக்குக்கு வழக்கு முடிவு செய்கின்றன. அந்த நாட்டு ஆணை பல காரணிகளில் ஒன்று மட்டுமே.

கடைசியாக வங்கிக் கணக்கு, பிஎஃப், எல்ஐசி, டீமேட் கணக்குகளில் உள்ள நாமினி பெயர். விவாகரத்து ஆணை அவற்றைத் தொடாது. பழைய துணையின் பெயர் மாற்றும் வரை அப்படியே இருக்கும். ஆணையின் சான்றிட்ட நகலோடு ஒவ்வொரு அலுவலகமாகப் போய் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.